சோம்பேறி என்று சொல்லும் முன்

கற்றல் குறைபாடு பற்றிய ஆசிரியர் பயிற்சி முடிந்து வந்திருக்கிறேன். மனதில் நிற்பதைப் பகிர்கிறேன்.

'கொடி' என்பதைப் படிக்க, க-வுக்கு முன்னால் உள்ள ஒற்றைக்கொம்பையும் பின்னால் உள்ள துணைக்காலையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை இங்கேயே திணறிவிடலாம். வாய்மொழியாகக் கேட்டால், அதே பிள்ளை பாடம் முழுவதையும் சொல்லக்கூடும். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள சிக்கலுக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றுள்ளது. உரிய மருத்துவச் சான்று இருந்தால், தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

பெற்றோர்களே, சக ஆசிரியர்களே, எழுத்துப்பிழைக்காகப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் சிறு வகுப்பிலேயே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.