மட்கின் பிடியில் துத்தநாகம்

காரைக்கால் என்றதும் அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஊரைச் சுற்றியுள்ள நெல் வயல்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. காவிரியின் கடைமடை அது. தண்ணீர் வருமா வராதா என்ற கவலை ஒருபக்கம் இருக்க, மண்ணுக்குள் இன்னொரு கதை நடக்கிறது.

டெல்டா நெல்லுக்கு ஒரு பழைய தொந்தரவு உண்டு. துத்தநாகப் பற்றாக்குறை! நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துரு நிறப் புள்ளிகள் வரும், பயிர் குட்டையாகவே நிற்கும். வடக்கே இதற்குக் 'கைரா' என்று பெயர். காரணம் துத்தநாகக் குறைவுதான் என்று 1966-ல் பந்த்நகரில் ஒய்.எல்.நெனே கண்டறிந்தார்.

வேடிக்கை என்னவென்றால், பல வயல்களில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. தண்ணீர் தேங்கி நிற்கும்போது அது கார்பனேட், சல்பைடு என்று கரையாத உப்பாகிவிடுகிறது. பானையில் சோறு இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. அவ்வளவுதான்.

இங்கேதான் மட்கு வருகிறது. இலையும் வேரும் சாணமும் மக்கி மிஞ்சும் கறுப்புச் சரக்கு. அதில் கார்பாக்சில், பீனால் தொகுதிகள் ஏராளம். இவை ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின்சுமையோடு இருக்கும். உலோக அயனி வந்தால் நண்டு கொடுக்கால் கவ்வுவது போலப் பிடித்துக்கொள்ளும். கெமிஸ்ட்ரி பாடத்தில் வரும் கொடுக்கிணைப்பு இதுதான். ஈ.டி.டி.ஏ. செய்வதும் இதே வேலை.

ஆனால் எல்லா உலோகத்தையும் ஒரே மாதிரி பிடிக்காது. தாமிரத்தை விடாப்பிடியாகப் பிடிக்கும். துத்தநாகத்தைக் கொஞ்சம் தளர்வாக. கால்சியத்தைப் பட்டும் படாமலும். ஐரோப்பாவில் பீட் எனும் சதுப்புக் கரிமண்ணை வயலாக்கியபோது, மட்கு தாமிரத்தை இறுக்கிக்கொண்டதால் பயிர்கள் நோயுற்றன. அதிகமானால் அமிர்தமும் நஞ்சு!

டெல்டாவில் நிலைமை நேர்மாறு. நம் வெயிலுக்கு மட்கு சீக்கிரம் சிதைந்து தீர்ந்துவிடுகிறது. துத்தநாகத்தைப் பிடித்து வைத்திருந்து, வேர் கேட்கும்போது விட ஆள் இல்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ மணலில் கலந்து தூவச் சொல்கிறது. 6.25 டன் பசுந்தாள் உரம் போட்டிருந்தால் 12.5 கிலோவே போதும் என்கிறது. பாதி!

மிச்சமாகும் 12.5 கிலோவில் துத்தநாகம் மட்டும் சுமார் இரண்டரை கிலோ. மடக்கி உழும் தக்கைப்பூண்டில் அவ்வளவு துத்தநாகம் கிடையாது. மக்கும்போது வரும் அங்கக அமிலங்களும் பிறகு உருவாகும் மட்கும், போட்ட துத்தநாகம் வீணாகாமல் பார்த்துக்கொள்கின்றன. ஏக்கருக்கு 10 கிலோ வாங்க வேண்டியவர் 5 கிலோவோடு வீடு திரும்பலாம். கடைமடை விவசாயிக்கு அது சின்ன விஷயம் இல்லை.