ஹோக்கிங்கைக் காட்டி ஆறுதல் சொல்வோருக்கு

நோயோடு போராடியபடி கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்களுக்கு நம்மவர்கள் தவறாமற் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "ஸ்டீவன் ஹோக்கிங்கைப் பார். மனவுறுதி இருந்தாற் போதும்."

என் பெறாமகள் ஒருத்திக்கு லூபஸ் நோய். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய் அது. வரலாற்றுத்துறையில் ஆய்வு செய்யும் அவள் இந்த ஆறுதலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள். "பெரியப்பா, அந்த மனுசன் எப்பிடிப் படிச்சு முடிச்சவர் எண்டதை ஆராவது முழுசாச் சொல்லினமே?" என்று ஒருநாள் கேட்டாள்.

நியாயமான கேள்வி. 1963இல், கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 21 வயதில் ஹோக்கிங்குக்கு இயக்க நரம்பணு நோய் இருப்பது தெரியவந்தது. இன்னும் இரண்டு ஆண்டுகளே வாழ்வார் என மருத்துவர்கள் கருதினர். ஆய்வை முடிக்கும்வரை உயிரோடிருப்போமா என்ற ஐயத்தில் அவர் மனமுடைந்து போனார். ஜேன் வைல்டுடன் ஏற்பட்ட திருமண நிச்சயமே அவரை நிமிர்த்தியது. மணம் முடிக்க வேலை வேண்டும், வேலைக்குப் பட்டம் வேண்டும், அதனாலேயே ஊக்கத்துடன் உழைக்கத் தொடங்கியதாக அவரே பின்னாளிற் கூறியிருக்கிறார். டெனிஸ் சியாமா என்ற நல்ல மேற்பார்வையாளரும் அவருக்கு வாய்த்திருந்தார். 1965இல் திருமணம், 1966இற் பட்டம். நோயும் எதிர்பார்த்ததைவிட மிக மெதுவாகவே முற்றியது. 2018இல், 76ஆவது வயதிலேயே அவர் மறைந்தார்.

பலர் சொல்லாமல் விடும் பகுதி இன்னொன்று. ஜேனும் ஆய்வு மாணவிதான். மத்தியகால ஸ்பானியக் கவிதை அவரது துறை. கணவரையும் பிள்ளைகளையும் பராமரித்தபடி படித்த அவருக்கு 1981இலேயே கலாநிதிப் பட்டம் கிடைத்தது. கணவருடைய நோய்க்கு மனைவியின் படிப்பும் விலை கொடுத்திருக்கிறது.

மனவுறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் லூபஸ் ஒரு வாரம் அடங்கியிருக்கும். மறுவாரம் பேனா பிடிக்க விரல் மடங்காது. வெளிப்பார்வைக்கு ஆள் நலமாகவே தோன்றுவார். இத்தகைய மாணவருக்கு வேண்டியவை, கெஞ்சாமற் கிடைக்கும் கால நீடிப்பு, வீட்டிலிருந்தே படிக்க ஆவணங்களின் பிரதிகள், அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்ய ஒருவர், களைத்துப் படுத்திருக்கும் நாளில் "சோம்பல்" என்று சொல்லாத ஒரு வீடு.

அடுத்தமுறை ஹோக்கிங்கின் பெயரைச் சொல்லும்போது, எந்த நாளில் வந்து எந்த வேலையைச் செய்து தருவீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.