மூடுமுன் திருத்துவோம்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே குளியல் என்பது நெடுங்காலமாக வீட்டுக்கு வெளியே நடந்த காரியமாகும். கிணறும் துலாவும் வாளியும், பக்கத்திலே ஒரு துவைகல்லும் இருந்தால் அதுவே குளியலறை. குளித்த நீர் வாய்க்கால் வழியே ஓடி வாழைக்கும் கமுகுக்கும் பாயும். கிணற்றடிக்குச் சீமெந்துத் தரை போட வந்த மேசனார் வேலையை முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். நீர் வாழையை நோக்கி ஓடினால் வேலை முடிந்தது. நடுவிலே தேங்கி நின்றால் மறுபடியும் கரண்டியைக் கையிலெடுப்பார். சுண்ணாம்புக்கல் நிலத்திலே தேங்குகின்ற அழுக்குநீர், தான் வந்த கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார். எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் அவர் பயின்றதில்லை. ஆயினும் வேலையைச் சோதிக்கும் முறையையும், சோதிக்கவேண்டிய வேளையையும் அவர் நன்கறிவார்.

நாம் புகலிடமாகக் கொண்ட இந்நாட்டிலோ குளியலறை வீட்டின் நடுவிலே இருக்கின்றது. அதன் சுவருக்கு அப்பால் படுக்கையறை. அதன் தரைக்குக் கீழே இன்னொரு குடும்பத்தின் கூரை. எம்மவருட் பலர் வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளிலே ஆரம்ப காலத்தைக் கழித்துவிட்டு, பின்னர் ஒஸ்லோவுக்கு வந்து குரூருட் பள்ளத்தாக்கின் மாடிக் குடியிருப்புகளிலே வீடு வாங்கினர். 1929ஆம் ஆண்டில் இந்நகரிலே தோன்றிய ஓபோஸ் போன்ற வீடமைப்புக் கூட்டுறவு அமைப்புகள் கட்டிய குடியிருப்புகள் அவற்றுள் பல. பெரும்பாலானவை 1950களிலிருந்து 1970கள் வரையான காலத்தவை. ஆகவே அவற்றின் குளியலறைகளை உடைத்துப் புதிதாக்குவது இன்று நம்மிற் பலருக்குத் தவிர்க்க இயலாத கடமையாயிற்று. கலியாண வீட்டிலே இரண்டு தமிழர் சந்தித்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசியபின் அடுத்ததாக எழுவது குளியலறை உடைத்த கதைதான்.

இவ்வேலையைப் பற்றி நாம் அறிந்துகொண்ட முதல் உண்மை யாதெனில், மாபிள் என்று நாம் வழங்கும் அந்த அழகிய ஓடு தண்ணீரைத் தடுப்பதில்லை என்பதாகும். ஓடுகளுக்கு இடையிலுள்ள சாந்தினூடாக ஈரம் மெல்ல மெல்லக் கீழிறங்கும். அதைத் தடுப்பது ஓட்டுக்கு அடியிலே பூசப்படும் மெம்பிரான் என்னும் நீர்காப்புப் படலமே. குறைந்தது இரண்டு தடவை பூசி, காய்ந்தபின் ஒரு மில்லிமீற்றர் தடிப்பேனும் இருக்குமாறு அதை அமைக்கவேண்டும். மூலைகளிலே பட்டி ஒட்டவேண்டும். குழாய்கள் வெளிவரும் இடங்களிலே வளையம் பொருத்தவேண்டும். ஸ்லுக் எனப்படும் வடிகாலுக்குள்ளே அப்படலத்தை இறக்கி, இறுக்கு வளையத்தால் அழுத்திவிடவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் சீமெந்துத் தரையிலேயே சரிவு அமைந்துவிடவேண்டும். தண்ணீர் நேரே விழும் இடத்தில் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் என்பது வழமை. வாசற்படியிலுள்ள மெம்பிரான் வடிகாலின் மேல்மட்டத்திலிருந்து 25 மில்லிமீற்றராவது உயர்ந்திருக்கவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளின் வழிகாட்டலிலே கூறப்படுவது. இவை யாவும் ஓடு பதித்தபின் கண்ணுக்குத் தெரியாதவை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டுக் குளியலறையை உடைத்தபோது இந்த உண்மையை நேரிலே கண்டோம். வீட்டை வாங்கிய நாளிலே அவ்வறை பளபளவென்று இருந்தது. உடைத்துப் பார்த்தால், பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓட்டை ஒட்டியிருந்தார்கள். மெம்பிரான் வடிகாலுக்கு நான்கு விரற்கடை இப்பால் நின்றுவிட்டது. சுவரின் அடிமரம் கறுத்துப் போய் விரல் பட்டாலே உதிர்ந்தது. யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்னர் "இது போதும்" என்று எண்ணி மூடிவிட்ட வேலையின் பலன் அது.

புதிய வேலையை ஏற்றவர் எமது அயலூரைச் சேர்ந்த ஒருவர். இருபது ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்பவர். அவருக்கு உதவியாக இளைஞன் ஒருவன் வந்தான். அவன் ஒருகாலத்தில் எமது வகுப்பிலே தமிழ் படித்தவன். தரைக்குச் சாந்திட்டு, வெப்பக் கம்பி பதித்து, மெம்பிரானும் பூசிக் காய்ந்தாயிற்று. சனிக்கிழமை ஓடு பதிப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னர் ஊர்ப் பழக்கத்தின்படி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போமே என்றோம். ஊற்றினார்கள். பெரும்பகுதி வடிகாலை நோக்கி ஓடிற்று. ஆனால் வாசற்படியின் ஓரத்திலே இரண்டு கையகலத்துக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது அவ்விடத்திலே தரை வாசலை நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பது தெரிந்தது.

"மாஸ்டர், இது பெரிய விசயமில்லை. ஓடு பதிக்கேக்க பசையைக் கொஞ்சம் தடிப்பாப் போட்டால் தண்ணி வடிவாப் போயிடும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் அவர்.

அவர் கூறியதிலே பொய் இல்லை. மேலே ஓடும் தண்ணீர் ஒழுங்காகவே போயிருக்கும். ஆனால் சாந்தினூடாகக் கீழிறங்கும் ஈரம் மெம்பிரானின் மேலே, அதே பள்ளத்திலே, வாசலருகே ஆண்டுக்கணக்காக நின்றிருக்கும். என்றோ ஒருநாள் வடிகால் அடைத்துக்கொண்டால், தண்ணீர் முதலிற் செல்லும் இடமும் வாசலாகவே இருந்திருக்கும்.

எனினும் அதை வாய்விட்டுச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. மூன்று மாடிக்குச் சீமெந்து மூடைகளைத் தோளிலே சுமந்து ஏற்றியவர் அவர். நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முகம் பார்க்கவேண்டிய மனிதர். சிறிய சமூகத்திலே ஒரு சொல் பத்தாண்டு உறவை முறித்துவிடும். ஊரிலென்றால் "பரவாயில்லை, விடுங்கோ" என்று அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். சற்று யோசித்துவிட்டு நாம் சொன்னோம்:

"அண்ணை, கீழ்வீட்டிலை ஒரு வயசுபோன அம்மா தனிய இருக்கிறா. அவவின்ரை கூரையிலை ஈரம் தெரியேக்க நாங்கள் ரண்டு பேரும் என்ன சொல்லுறது?"

அவர் பதில் சொல்லவில்லை. கீழே இறங்கித் தம் வாகனத்தருகே போய் நின்றார். அரை மணித்தியாலம் சென்றது. இளைஞன் எதுவும் பேசாமல் தேங்கிய நீரை வடிகாலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். பின்னர் மேலேறி வந்தவர் எம்மைப் பாராமல் அவனிடம், "தம்பி, அந்த உளியை எடு" என்றார்.

அப்பகுதியின் மெம்பிரானை உரித்தார்கள். வெப்பக் கம்பியிலே உளி பட்டுவிடாமல் மேற்சாந்தை அங்குலம் அங்குலமாகச் செதுக்கினார்கள். கம்பிக்குச் சேதமில்லை என்பதை மின்சார வேலை செய்பவர் வந்து அளந்து உறுதிப்படுத்தினார். புதிய சாந்து, அது காய்வதற்குக் காத்திருப்பு, மறுபடியும் இரண்டு பூச்சு என ஒன்பது நாட்கள் கழிந்தன. அந்த ஒன்பது நாளும் நாம் குடும்பத்தோடு துவாயும் கையுமாக அடுத்த படிக்கட்டிலுள்ள நண்பர் வீட்டுக்கு நடந்தோம். இரண்டாம் முறை வாளியைச் சரித்தபோது, ஒரு சொட்டும் நில்லாமல் ஓடிற்று தண்ணீர். செதுக்கிய வேலைக்கு அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். பொருட்செலவை இருவரும் பகிர்ந்துகொண்டோம். இன்று அவர் எந்த வீட்டிலே வேலை செய்தாலும் ஓடு பதிப்பதற்கு முன்னர் தாமாகவே வாளியைத் தூக்குகிறார் என்று பலரும் கூறக் கேட்டு மகிழ்கின்றோம்.

வேலையைத் திரும்பச் செய்யுமாறு கேட்பது இந்நாட்டிலே பகைக்குரிய செயலன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். 1989ஆம் ஆண்டின் கைவினைஞர் சேவைச் சட்டப்படி, தொழிலாக வேலையை ஏற்பவர் அதைத் தொழில் நேர்த்தியோடு செய்து கொடுக்கக் கடமைப்பட்டவர். குறை இருந்தால் அதைச் சீர்செய்யுமாறு கோர வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நெடுநாள் நிலைக்கவேண்டிய வேலையாயின் ஐந்தாண்டுகள் வரை முறையிடலாம். ஆயின் எழுத்திலே உடன்படிக்கையும் பற்றுச்சீட்டும் இல்லாதவருக்கு அந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம். 2022ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதியிலிருந்து பழைய வீடொன்றை "உள்ளது உள்ளபடி" என்று சொல்லித் தனியாருக்கு விற்றுப் பொறுப்பிலிருந்து கழன்றுவிடவும் இயலாது. வீட்டைப் பரிசோதிப்பவர் குளியலறைக்கு அடுத்த அறையின் சுவரிலே துளையிட்டு ஈரம் இருக்கின்றதா என்று அளந்து எழுதுகின்றார். மூடி வைத்தது என்றோ ஒருநாள் வெளிவருவதற்கு இப்போது சட்டமே வழிசெய்திருக்கின்றது.

தனி வீட்டுக்கு மட்டும் உரியதன்று இந்தப் பாடம். ஒஸ்லோவிலிருந்து கார்டர்மூன் விமான நிலையத்துக்குச் செல்லும் ரயில் ஏறத்தாழ 14.6 கிலோமீற்றர் நீளமான ரூமரிக்ஸ்போர்ட்டன் சுரங்கத்தினூடாக ஓடுகின்றது. அதனைக் குடைந்துகொண்டிருந்தபோது, 1997ஆம் ஆண்டிலே, சுரங்கத்துக்குள் நீர் கசிந்து இறங்கியதால் மேலேயுள்ள எஸ்ட்மார்க்கா காட்டின் புட்யேண் என்னும் சிறு ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தது. கசிவை அடைக்கப் பயன்படுத்திய இரசாயனப் பசையோ நச்சுத்தன்மை வாய்ந்ததென்று தெரிந்து வேறு பிரச்சினையாயிற்று. பாறையை மறுபடியும் அடைத்துச் சீர்செய்யவேண்டி வந்தது. விமான நிலையம் 1998 ஒக்டோபரிலே திறக்கப்பட்டபோது சுரங்கம் ஆயத்தமாக இருக்கவில்லை. 1999 ஓகஸ்ட் மாதத்திலேயே ரயில்கள் அதனூடாக ஓடத் தொடங்கின. செல்வமும் நுட்பமும் நிறைந்த நாடும் செய்த வேலையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டியிருந்தது. காலந்தாழ்த்திச் செய்ததால் செலவு பெருகியது.

இவற்றையெல்லாம் ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழா மலரிலே ஏன் எழுதுகின்றோம் என்று அன்பர்கள் கேட்கலாம். விழா மேடையிலே எம் பிள்ளைகள் பேசும் பேச்சு ஓடு போன்றது. அது பளபளக்கத்தான் வேண்டும். அதைக் கண்டு பெற்றோர் பூரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சிற் சிலவற்றை நோர்வீஜிய எழுத்திலே எழுதி மனனஞ் செய்கின்றார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அவ்வெழுத்திலே லகர, ளகர, ழகர வேறுபாடு இல்லை. ரகரத்துக்கும் றகரத்துக்கும் பேதமில்லை. மேடையிலே பரிசு பெற்ற பிள்ளை, மறுவாரம் வகுப்பிலே நான்கு வரியைத் தமிழெழுத்திலே வாசிக்கத் திணறும்போது, பசையைத் தடிப்பாகப் போட்டுச் சரிக்கட்டிய தரைதான் எம் நினைவுக்கு வருகின்றது.

இந்நாட்டுப் பாடசாலைகளிலே ஏழாம் வகுப்பு முடியும்வரை புள்ளிகள் இடுவதில்லை. அவ்வாறு பழகிய பிள்ளை எமது வகுப்பிலே சிவப்பு மையைக் கண்டதும் முகம் வாடுகின்றது. சில பெற்றோர், "பிள்ளை வாறதே பெரிய காரியம், மாஸ்டர். பிழையைப் பாராதையுங்கோ" என்கின்றனர். அவர்களின் அச்சம் நியாயமானதே. திருத்தம் அவமதிப்பாக மாறினால் பிள்ளை வகுப்புக்கே வராது போய்விடும். ஆகையால் நாம் பிழையைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்தி, எழுதியதை அழித்து மறுபடி எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிடுகின்றோம். ஏடு தொடக்கும் நாளிலே அரிசியில் எழுதிய எழுத்தைக் கையால் தடவிவிட்டு மறுபடியும் எழுதுவிக்கின்றோம். அதைப் பிழையென்று எவரும் சொல்வதில்லை. அந்த மனநிலை பின்வரும் வகுப்புகளிலும் தொடர்ந்தால் போதும்.

இரண்டாம் வகுப்பிலே ளகரத்தைத் திருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பத்தாம் வகுப்பிலே அதே பிழையைத் திருத்த ஓராண்டு தேவைப்படுகின்றது. அப்போது பிள்ளைக்கு ஓய்வும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே பெற்றோர்களை நாம் வேண்டுவது ஒன்றே. விழாவுக்கான பேச்சைத் தமிழெழுத்திலேயே எழுதிக் கொடுங்கள். நான்கு நிமிடப் பேச்சு இரண்டு நிமிடமாகக் குறைந்தாலும் குறையில்லை. வாரத்துக்கு ஒருமுறை கொப்பியைத் திறந்து, திருத்தியதைப் பிள்ளை திரும்ப எழுதியிருக்கின்றதா என்று மட்டும் பாருங்கள். மேடையிலே நாம் கேட்கும் தமிழ் வகுப்பிலும் வீட்டிலும் வாசிக்கவும் எழுதவும் வல்ல தமிழாக வளர, அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்னர் அனைவரும் சேர்ந்து உழைப்போமாக.