கலிம்னோஸ்: பஞ்சை மறந்த தீவு

கோஸ் தீவின் மஸ்திஹாரி துறையில் கப்பலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கலிம்னோஸ். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் வீடுகள்தான் தலைநகர் போதியா. துருக்கியர் ஆண்டார்கள், 1912-இல் இத்தாலியர் வந்தார்கள், 1948-இல் கிரீஸோடு சேர்ந்தோம். ஆட்சிக் கதை இவ்வளவுதான். எங்கள் கதை கடற்பஞ்சில் இருக்கிறது.

விளைநிலம் குறைந்த பாறைத் தீவு இது. அந்தக் காலத்தில் ஈஸ்டர் முடிந்ததும் ஆண்கள் படகேறி வட ஆப்பிரிக்கக் கரைவரை போவார்கள். திரும்புவது இலையுதிர் காலத்தில். கயிறு கட்டிய தட்டைக் கல்லை இரு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் அடிமட்டத்துக்கு இறங்குவார்கள். பஞ்சை அறுத்ததும் மேலே நிற்பவர் கயிற்றை இழுப்பார். கடலிலிருந்து வரும் பஞ்சு கறுப்பாக, வழவழப்பாக, நாற்றத்தோடு இருக்கும். தளத்தில் போட்டுக் காலால் மிதித்துப் பால் போன்ற சாற்றைப் பிழிவார்கள். அப்புறம் அலசி, அடித்து, உலர்த்தி, கத்தரியால் உருட்டி வெட்டினால்தான் நாம் அறிந்த மஞ்சள் பஞ்சு.

1860-களில் பித்தளைத் தலைக்கவச உடை வந்தது. இன்னும் ஆழம், இன்னும் நேரம், கை நிறையக் காசு. ஆனால் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறையவிடாமல் சடாரென்று மேலே வந்தவர்களின் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிட்டது. பலர் செத்தார்கள், பலருக்குக் கால் விழுந்தது. அந்த முடக்கத்தை ஆடிக்காட்டும் ‘மிஹானிகோஸ்’ நடனம் இன்றும் இங்கே உண்டு: முதலில் ஆடுபவர் கோலூன்றி, கால் நடுங்க நடுங்க வட்டத்தை நடத்துவார். பிறகு செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்தது. 1986-இல் தொடங்கிய நோய் கடலடியில் மிச்சமிருந்ததிலும் பெரும்பகுதியை அழித்தது.

பஞ்சு போன இடத்தில் இப்போது பாறையேறிகள் வருகிறார்கள்; சந்தோஷம்தான். மே, செப்டம்பர் மாதங்களில் அறை வாடகை கையைக் கடிக்காது. மிர்தியெஸ் துறையிலிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில் கார் இல்லாத தெலெந்தோஸ் தீவு. குறைந்த செலவில் அமைதி வேண்டுமென்றால் தாராளமாக வாருங்கள். ஆனால் இறங்கியதும் டாக்சி பிடித்து, பாறையேறிகள் கூடும் மசூரிக்கு ஓடுகிறீர்களே, போதியாவின் கடல்சார் அருங்காட்சியகம் என்ன பாவம் செய்தது? கடைகளும் லேசுப்பட்டவை அல்ல. கலிம்னோஸ் பஞ்சு என்று ஆசையாக வாங்கிப்போவதில் பல எங்கோ வேறு கடலிலிருந்து இறக்குமதியானவை. எந்தக் கடல் என்று சீட்டில் எழுதி வைத்தால் வியாபாரம் படுத்துவிடுமா? எழுதமாட்டார்கள். நீங்களாவது கேட்டுவிட்டு வாங்குங்கள்.