நின்னு தொலையணுமே

ஒன்பதாம் வகுப்பில் நியூட்டனின் முதல் விதியை எல்லோரும் மூச்சுவிடாமல் ஒப்பித்தோம். புறவிசை எதுவும் செயல்படாத வரை, ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். நகர்கிற பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். முன்பாதி யாருக்கும் உறுத்தவில்லை. பின்பாதியை உள்ளூர ஒருத்தரும் நம்பவில்லை. மிதிப்பதை விட்டால் சைக்கிள் நின்றுவிடுகிறதே! அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் படித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குத் தலையாட்டினார்கள். பாவம், பள்ளிக்கூடத்துப் பையன் என்ன செய்வான்?

திருவாரூரில் எனக்கு ஒரு மாமா. ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். அந்தக் கோயில் தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை ஏறத்தாழ 300 டன். வடம் பிடிக்கப் போகிறேன் என்று நான் குதித்தபோது அவர் சிரித்தார்: "வடம் பிடிக்கிறவங்களுக்குத் தேரு நகரலியேன்னு கவலை மாப்ளே. எங்களுக்கு நின்னு தொலையணுமேன்னு கவலை."

முதல் விதியின் பின்பாதியை எனக்குப் புரியவைத்தது அந்த ஒரு பேச்சுதான். வடம் பிடிக்கிற கூட்டம் முழுக்க அரிஸ்டாட்டில் கட்சி. முட்டுக்கட்டைக்காரர்கள் நியூட்டன் கட்சி.

வடத்தில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், முதல் அசைவுதான் பெரும்பாடு. சக்கரம் பாரத்தில் தரையில் அழுந்தியிருக்கும். அச்சில் நிலை உராய்வு இறுகியிருக்கும். இப்போதெல்லாம் பின்னாலிருந்து புல்டோசர் முட்டித் தள்ளுகிறது. கிளம்பிவிட்டால் பிடிப்பு தளர்ந்து, வடம் கையில் இலேசாகிவிடும். கூட்டம் ஆரவாரிக்கும். மாமாவுக்கு வயிற்றைக் கலக்குவது அப்போதுதான். நொடிக்கு அரை மீட்டர், அதாவது ஆள் நடப்பதைவிட மெதுவாகத் தேர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். 15 டன் பேருந்து ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால் என்ன உந்தமோ, அதே உந்தம்தான் இதற்கும். அதன் முன்னால் ஒரு மரக்கட்டையோடு குனிந்து நிற்க வேண்டும்.

1948-க்குப் பிறகு ஓடாமல் கிடந்த தேர் இது. முதலமைச்சர் கருணாநிதி காலத்தில், 1970-இல் மறுபடி ஓடியது. அவ்வளவு நீண்ட ஓய்வைக் கலைத்த புறவிசை சென்னைக் கோட்டையிலிருந்து வந்தது என்பது மாமாவின் இயற்பியல்.

உராய்வை அடியோடு எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கேரம் பலகையில் பவுடர் தூவும்போதெல்லாம் நாம் அந்தப் பக்கம் கொஞ்சம் போய்வருகிறோம். கலிலியோ இன்னும் துணிந்தார். சாய்தளத்தில் உருண்டு இறங்கும் குண்டு, எதிர்ச் சரிவில் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைப் படுக்கவைத்துக்கொண்டே போய்க் கிடைமட்டமாக்கினால் குண்டு எங்கே நிற்கும்? நிற்காது. உராய்வற்ற பலகை அவரிடம் இல்லை, மனசுக்குள்ளேயே இழைத்துக்கொண்டார். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, தள்ள யாருமில்லாமல். அதில் மிச்சமிருக்கும் எரிபொருள் ஆன்டெனாவைப் பூமி பக்கம் திருப்பிவைக்கத்தான்.

திருப்புவது என்றதும் மறுபடி மாமாதான் வருகிறார். திருச்சி பெல் நிறுவனம் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகு, "இனிமே கட்டை எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"பிரேக்கு நிறுத்தும். திருப்புமா?"

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வீதி முனையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன் கட்டையைச் சாய்த்துப் போட்டால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் முகம் திரும்பும். அதற்குச் சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்கியாக வேண்டும். தார்ச்சாலை விடாது. அதனால் அங்கே இரும்புத் தகடு விரித்து, கிரீஸை அள்ளிப் பூசுகிறார்கள். உராய்வு தொலையட்டும் என்று அவர்கள் பாடுபடுவது அந்த நாலு முனையில் மட்டும்தான். தகட்டைத் தாண்டிய அடுத்த அடியில் அதே உராய்வை நம்பித்தான் அடுத்த கட்டை விழுகிறது.