மான் பார்க்க வந்த பேரப்பிள்ளைகள்

அரையாண்டு லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: மான் பார்க்கணும். தாத்தாவுக்குச் சிரிப்பு. கோவில்பட்டி அருகே குருமலைக் காட்டை ஒட்டியதுதான் அந்தச் சம்சாரியின் மானாவாரிப் புஞ்சை. அங்கே மான் பார்க்க டிக்கெட் வேண்டாம்.

ராத்திரி காவலுக்குக் கூட்டிப் போனார். டார்ச் வெளிச்சத்தில் வரிசையாகக் கண்கள் மின்னின. புள்ளிமான்கள். பேத்தி மூச்சுவிடாமல் நின்றாள். தாத்தா தகர டப்பாவைத் தட்டினார், ஒன்றையும் காணோம். "ஏன் தாத்தா விரட்டுனீங்க?" பேரனுக்குக் கோபம். பட்டணத்துப் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது.

விடிந்ததும் புஞ்சையைக் காட்டினார். காய் பிடித்த உளுந்து ஓரம் முழுக்க மொட்டையாக நின்றது. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி சாய்த்திருந்தது. புரட்டாசியில் விதைத்த பாடு. கண்ணி வைக்கச் சட்டம் விடாது. அவருக்கு மனசும் வராது. நிவாரணம் கேட்டு வனத்துறைக்கு எழுதிய மனுவுக்குப் பேத்திதான் செல்போனில் படம் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வல்லநாடு போனார்கள். வெளிமானுக்காக 1987-இல் அமைந்த சரணாலயம். முறுக்குக் கொம்போடு ஒரு கிடா துள்ளி ஓடியது. "இதுவும் உளுந்து தின்னுமா தாத்தா?" என்றான் பேரன்.

அன்று இரவு டப்பா அவன் கையில். "தட்டுடா" என்றார் தாத்தா. தட்டினான், ரொம்ப மெதுவாக.