கேட்காமல் எழுதியவன்

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தைப் பற்றி நான் இருமுறை எழுதியிருக்கிறேன். முதல் கட்டுரையில் வைதேன். இரண்டாவதில் வானளாவப் புகழ்ந்தேன். இரண்டையும் எழுதியபோது அந்த ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சாக்கு சுலபமாகக் கிடைத்துவிடும்.

1991 செப்டம்பரில் மைல்ஸ் இறந்தார். ஒரு சிற்றிதழில் அஞ்சலிக் கட்டுரை கேட்டார்கள். 1959-இல் வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எனக்கு மனப்பாடம். அதைப் பற்றி எழுதிய பக்கங்களை இன்றும் கூசாமல் படிக்க முடிகிறது. 1970-இல் வெளியான 'பிட்சஸ் ப்ரூ' வரை எப்படியோ தொற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த 'ஆன் தி கார்னர்' கேசட்டாகக் கையில் இருந்தது. போட்டேன். தொடக்கம் என்று ஒன்று இல்லை. எங்கோ நடுவில் நாடாவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பேஸ் கிடார் ஒரு சின்ன வரியை விடாமல் சுற்றிச் சுற்றி வாசித்தது. டிரம்பெட்டைத் தேடினேன். அது வா-வா பெடலுக்குள் புகுந்து கிடார் குரலில் கனைத்துக்கொண்டிருந்தது. டீ ஆறுவதற்குள் நிறுத்திவிட்டேன்.

பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது நேர்மை. கேட்டது அவ்வளவுதான் என்றும் சேர்த்திருந்தால் இன்னும் நேர்மை. நான் செய்தது வேறு. வெளிவந்த நாட்களில் இந்த ஆல்பத்துக்கு விழுந்த அடி பிரசித்தம். 'டவுன் பீட்' பத்திரிகை இரண்டே நட்சத்திரம் கொடுத்தது. சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் இதில் வடிவமும் கிடையாது, விஷயமும் கிடையாது என்று தள்ளிவிட்டார். கெட்ஸின் கருத்தை எடுத்து, அவர் பெயரை நீக்கி, என் தீர்ப்பாகக் கட்டுரையில் வைத்தேன். நண்பர்கள் அந்த இடத்தைத்தான் சிலாகித்தார்கள். துணிச்சலான பார்வை என்றார்கள். நான் மறுக்கவில்லை.

2007-இல் அந்த ஒலிப்பதிவுகள் முழுவதும் ஆறு குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பாக வந்தன. அதற்குள் உலகம் தலைகீழாகியிருந்தது. ஹிப்-ஹாப்பிலும் டிரம் அண்ட் பேஸிலும் இருந்தவர்கள் இதைத் தங்கள் மூதாதை என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அன்று கைவிட்ட விமர்சன உலகமே இன்று மாலை போட்டது. நானும் ஒரு மாலையோடு போய் நின்றேன். காலத்தை முந்திய படைப்பு என்றேன். ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வொரு தாளப் பின்னல் என்றேன். அதில் தபலா வாசித்த பாதல் ராயைப் பெரிய உஸ்தாதிடம் குருகுலவாசம் இருந்தவராக ஆக்கினேன். நம் வாத்தியம் நியூயார்க்கை ஆண்ட கதை என்று ஒரு பத்தி பெருமிதமும் சேர்த்துக்கொண்டேன். முன்வரிசைப் பெரியவர் தலையசைத்த பிறகே தலையசைக்கும் சபா ரசிகனைக் கிண்டல் செய்து நிறைய எழுதியவன் நான். அந்தப் பின்வரிசை நாற்காலியில் இருந்தது நானேதான்.

பாதல் ராயின் கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கிழக்கு வங்கத்துக் கொமில்லாவில் பிறந்தவர். புள்ளியியல் படிக்க நியூயார்க் போனவர். இந்திய உணவகத்தில் பரிமாறுபவராக வேலை பார்த்தார், தபலாவும் வாசித்தார். அங்கேதான் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் பழக்கம் கிடைத்தது, அவருடைய ஆல்பத்தில் வாசித்தார், பிறகு மைல்ஸ் கூப்பிட்டார். நான் கட்டிவிட்ட குருகுலத்தைவிட இந்த நிஜம் எத்தனையோ மடங்கு சுவையானது. தேடிப் பார்க்காத சோம்பலில் அதையும் இழந்தேன்.

அந்த இரண்டாவது கட்டுரைக்கு ஒரு கடிதம் வந்தது. மிருதங்கம் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். "ஐயா, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஆல்பத்தைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். 'பிளாக் சாட்டின்' தடத்திலிருந்து ஆல்பத்தின் கடைசிவரை மைக்கேல் ஹெண்டர்சனின் பேஸ் ஒரே வரியைத்தானே வாசிக்கிறது? வேறு வேறு தாளப் பின்னல் என்கிறீர்களே, எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்? எனக்குப் பிடிபடவில்லை" என்று கேட்டிருந்தார். குறை அவர் காதில்தான் இருக்கும் என்ற பணிவு எழுத்தெல்லாம் தெரிந்தது.

அவர் சொன்னது சரி. முதல் தடத்தைத் தாண்டினால் மிச்சம் எல்லாம் ஒரே அடித்தளத்தின் மேல் நிற்பவை. அதைக் கண்டுகொள்ள இசை ஞானம் தேவையில்லை, கேட்டாலே போதும். நான் ஒரு அஞ்சலட்டையில் பதில் போட்டேன்: "தொடர்ந்து கேளுங்கள் தம்பி, போகப்போகப் புரியும்." இரண்டு கட்டுரைகளையும்விட எனக்கு அதிக வெட்கம் தருவது இந்த ஒரு வரிதான். கட்டுரைகளில் என் அறியாமையை மறைத்தேன். அட்டையில் அதைத் தூக்கி ஒரு சின்னப் பையன் தலையில் வைத்தேன். அவர் மறுபடி எழுதவில்லை.

அதன்பிறகும் உடனே கேட்டுவிடவில்லை. கேட்டால் என்ன தெரியவரும் என்று தெரிந்திருந்ததால் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒருநாள் ஹெட்ஃபோனை மாட்டி, ஐம்பத்துச் சொச்சம் நிமிடங்களையும் எழுந்திருக்காமல் கேட்டேன்.

ஆல்பம் உருவான நாட்களில் மைல்ஸ் ஃபங்க் கலைஞர்களான ஸ்லை ஸ்டோனையும் ஜேம்ஸ் பிரவுனையும் கேட்டுக்கொண்டிருந்தார். பால் பக்மாஸ்டர் என்ற ஆங்கிலேய செல்லோ கலைஞர் வழியாக ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் மின்னணு இசைக்குள்ளும் போயிருந்தார். 1972 ஜூனில் நியூயார்க் ஸ்டுடியோவில் கலைஞர்களை நிறைத்து வாசிக்கவிட்டார்கள். தயாரிப்பாளர் டியோ மசெரோ அந்த நாடாக்களை வெட்டியும் ஒட்டியும் ஆல்பமாக்கினார். கேட்கிறவன் நடுவில் வந்து விழுவதற்குக் காரணம் அந்தக் கத்திரி. தனியாவர்த்தனத்துக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். டிரம்பெட்டும் இங்கே தாளக் கூட்டத்தில் ஒரு ஆள். இதைக் கேசட் நாளிலேயே நான் கண்டுபிடித்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால்.

சாக்ஸஃபோன் கலைஞர் டேவ் லீப்மன் அந்த ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்லியிருப்பது என்னைக் குத்தியது. டாக்டரிடம் போயிருந்தவரை அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓடிப்போய் நின்றால் மின் வாத்தியங்கள் எல்லாம் நேரே ஒலிப்பலகைக்குப் போகின்றன. அவருக்கோ ஹெட்ஃபோன் இல்லை. தாளத்தைத் தவிர எதுவும் காதில் விழாமலேயே வாசித்துவிட்டு வந்தாராம். கேட்காமல் வாசிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. எனக்கு ஹெட்ஃபோன் இருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. அன்று இதை வெறுத்தவர்களின் கோபத்துக்கு ஏதோ ஒரு நியாயம் இருந்தது. கார்ட்டூன் வரைந்த உறையில் வாசித்தவர்களின் பெயர்கள்கூட இல்லை. கறுப்பின இளைஞர்களுக்காக என்று மைல்ஸ் நினைத்தார், இசைத்தட்டுக் கம்பெனி பழைய ஜாஸ் ரசிகர்களிடம் கொண்டுபோய் விற்றது. அந்த ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கி, கேட்டு, ஏமாந்து, திட்டினார்கள். அந்த நாளிலேயே 'ரோலிங் ஸ்டோன்' இதழில் ரால்ஃப் கிளீசன் பாராட்டி எழுதினார், கேட்டுவிட்டுத்தான். விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் முதலில் கடுமையாகத் தாக்கினார், சில வருடம் கழித்து மனம் மாறியதையும் பகிரங்கமாக எழுதினார். அவருடைய இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில் கேட்டல் இருந்தது. என்னுடைய இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஊர்ப்பேச்சு மட்டும்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டால், புரியாதவன் என்று பெயர் வாங்கப் பயம். அன்று திட்டாமல் இருந்தால் ஞானசூன்யம், இன்று புகழாமல் இருந்தால் பத்தாம்பசலி. இரண்டு பட்டத்துக்கும் பயந்துகொண்டே விமர்சகன் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்டபிறகு என் கருத்து இது. முதல் தடம் என்னைப் பிடித்துக்கொண்டது. 'பிளாக் சாட்டின்' தபலாவும் சிதாரும் கலந்த கசமுசாவில் தொடங்கி, கைத்தட்டலும் விசிலும் கலந்து ஓடுகிறது. அதை விரும்பிக் கேட்கிறேன். இருபது நிமிடத்துக்கு மேல் போகும் கடைசித் தடத்தின் பின்பாதி சலிக்கிறது. அது என் வயதின் குறையாக இருக்கலாம், தடத்தின் குறையாகவும் இருக்கலாம். இதை மேதைமை என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை, குப்பை என்று சொல்லும் உரிமையும் இல்லை.

தம்பி, அந்த பேஸ் ஒரே வரிதான். நீங்கள் கேட்டது சரி. நான் கேட்கவே இல்லை.